பள்ளிக்கூட வாசலும் பிள்ளையின் எடையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 22 வருஷமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, இரண்டு மூன்று அம்மாக்கள் மட்டும் வாசலில் தயங்கி நிற்பார்கள். மார்க்கைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் இல்லை என்று முகத்திலேயே தெரியும். பிள்ளை பருத்துக்கொண்டே போகிறதே என்ற கவலையோடு நிற்பவர்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள் வருவதால் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் வரும்போது அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

எம்புள்ள குண்டா இருக்கானா, இல்ல நல்லா புஷ்டியா இருக்கானா? எப்படித் தெரிஞ்சிக்கிறது டீச்சர்?

கண்ணை நம்ப வேண்டாம். பெற்ற கண்ணுக்குத் தன் பிள்ளை எப்போதும் இளைத்துத்தான் தெரியும். உயரத்தையும் எடையையும் அளந்து பி.எம்.ஐ. கணக்குப் போடுங்கள், உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண் அது. 10 வயதுப் பையன், உயரம் 140 செ.மீ., எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.40-ஐ 1.40-ஆல் பெருக்கினால் 1.96. 40-ஐ 1.96-ஆல் வகுத்தால் 20.4. பெரியவர்களுக்கு 20.4 என்றால் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, வயதுக்கு வயது அளவு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். அதே வயதுப் பெண்ணுக்கு 19.0, 22.6. ஆகவே இந்தப் பையன் அதிக எடையில் இருக்கிறான், பருமன் என்ற அளவுக்குப் போகவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அட்டவணை இன்னும் கொஞ்சம் கறாரானது. உங்கள் மருத்துவர் அதை வைத்தும் பார்க்கலாம்.

ஒரு தடவை அளந்ததை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கவே தேவையில்லை. எடை அப்படியே நின்று உயரம் மட்டும் கூடினாலே கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

கழுத்துல கறுப்பா படிஞ்சிருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் போகல. அழுக்கா?

அழுக்கு இல்லை. பீர்க்கங்கூட்டை வைத்துக் கழுத்தைப் புண்ணாக்கிவிட்ட ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பருத்த பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டாலோ, எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டாலோ, அப்போதும் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

எங்க தெருவுல எலும்பும் தோலுமா இருக்கிற புள்ளைங்கதான் ஜாஸ்தி. இது பணக்காரங்க வீட்டுப் பிரச்சினை இல்லையா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள், 4.3 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் இந்தியா முழுமைக்கும் அதிக எடை முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்து 3.4 ஆகியிருக்கிறது. உலக அளவில் 5 முதல் 19 வயதுள்ளவர்களில் பருமனானவர்களின் விகிதம் எடை குறைந்தவர்களின் விகிதத்தைத் தாண்டிவிட்டது என்று யுனிசெஃப் 2025-இல் அறிவித்தது.

ஒரே வீட்டில் அக்கா ரத்தச்சோகையோடு மெலிந்திருக்க, தம்பி பருத்திருப்பதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். இருவர் பையிலும் இருப்பது அதே ஐந்து ரூபாய் நொறுக்குத் தீனிப் பொட்டலம்தான். அவளுக்கு அது பசியை அடைத்து, வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல வைக்கிறது. அவனுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே போய்ச் சேருகிறது. அதனால் ‘எம்புள்ள ஒல்லிதானே, தின்னுட்டுப் போகட்டும்’ என்று விடாதீர்கள்.

நாங்களும் இதே ஊர்லதானே வளந்தோம். அப்ப இல்லாதது இப்ப எங்கேருந்து வந்துச்சு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையைக் குற்றவாளி ஆக்காமல் இருப்பதற்கு இந்தப் பதில் புரிந்தாக வேண்டும்.

நீங்கள் பள்ளிக்கு எப்படிப் போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் கரையோடு நடந்து, மதகு தாண்டி, வழியில் மாங்காய்க்குக் கல்லெறிந்து, சாயந்திரம் அதே வழியில் திரும்பி, படித்துறையில் குதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். விளையாட்டு என்று தனியாக யாரும் நேரம் ஒதுக்கவில்லை. நாளே அப்படித்தான் கழிந்தது. இன்றைக்குப் பிள்ளையை வேன் வாசலில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்குகிறது. நடந்து போகச் சொல்லலாம் என்றால் குறுக்கே பெரிய சாலை. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலை நான்கு வழியான பிறகு, அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. எனக்கும் வராது. சாயந்திரம் ஐந்து மணிக்கு ட்யூஷன், எட்டு மணிக்குக் கைப்பேசி.

டெல்டாவுக்கென்றே இன்னொரு சங்கடம் உண்டு. வெளியூர்க்காரர்கள் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே, பிள்ளைகள் விளையாட இடத்துக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். இங்கே ஒவ்வொரு சாணும் நஞ்சை. குறுவை, சம்பா, தாளடி என்று வயலில் தண்ணீர் நிற்கும். அறுப்பு முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடலாம் என்றால், சம்பா அறுக்கும் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். பயறு பிடுங்கி முடிந்தால் சித்திரை வெயில். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி மைதானமே குளம். ஊருக்குப் பொதுவான மேட்டு நிலம் என்பது பல கிராமங்களில் கோயில் திடல் ஒன்றுதான், அதிலும் இப்போது வண்டிகள் நிற்கின்றன. சோம்பேறிப் பிள்ளை என்று திட்டுவதற்கு முன்னால், ஓட நினைத்தால் அவன் எங்கே ஓடுவான் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வாசல்ல கடை இருந்தா அதுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? வேண்டாம்னா வாங்காம வர வேண்டியதுதானே?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2010-இல் வெளியானது. துரித உணவுக் கடை பள்ளியிலிருந்து பத்தில் ஒரு மைல், அதாவது ஏறக்குறைய 160 மீட்டருக்குள் இருந்த இடங்களில் உடல் பருமன் விகிதம் குறைந்தது 5.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. கால் மைல் தள்ளி இருந்த கடைகளால் அந்த வித்தியாசம் தெரியவில்லை. கடை ஊரில் இருப்பதல்ல, கால் நடக்கும் வழியிலேயே இருப்பதுதான் வேலையைக் காட்டுகிறது. அவர்கள் ஊர்க் கடை வேறு, நம்மூர்க் கடை வேறு. ஆனால் நாலு மணிக்குப் பசியோடு வெளியே வரும் பிள்ளை எங்கேயும் ஒன்றுதான்.

ஒருநாள் மணி அடித்ததும் வாசலில் நின்று பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பையன், கையில் பத்து ரூபாய். கடையில் கண்ணெதிரே தொங்குவது சரம் சரமாகப் பொட்டலங்கள், கைக்கெட்டும் உயரத்தில் குளிர்பானப் பெட்டி. கடலை மிட்டாய் ஜாடி அவன் கண்ணுக்கே தெரியாத பின் வரிசையில் இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மிளகாய்த்தூள் தூவிய பொட்டலம் ஒன்றைக் கிழித்து வாயில் கவிழ்த்துக்கொண்டு, மீதி ஐந்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டான். மதியம் 12.30-க்குச் சாப்பிட்டவன் அவன். அந்தப் பசியில், அந்தப் பத்து ரூபாயில், அந்தக் கடையில் பெரியவர்களே வேறு எதையும் வாங்க மாட்டார்கள்.

50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்காமே?

இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக்கூடாது, விளம்பரப்படுத்தவும் கூடாது. 100 கஜம் என்று சிலர் சொல்வது புகையிலைக்கான சட்டம், அது 2003-லேயே வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

50 மீட்டர் என்பது பெரியவர்கள் நடையில் ஏறக்குறைய 65 எட்டு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் இருந்து எண்ணிப் பாருங்கள். மீறல் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கடை வச்சிருக்கிறது ஒத்தையாளா இருக்கிற ஒரு அப்பாயி. அவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா?

வேண்டாம். எங்கள் வாசலில் இருப்பவரும் அப்படி ஒருவர்தான். புகார் எழுதுவதற்கு முன்னால் நானும் நாலு அம்மாக்களும் போய் அவரோடு உட்கார்ந்து பேசினோம். எதில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டோம். ஐந்து ரூபாய் பொட்டலத்தில் அவருக்குக் கிடைப்பது சில்லறைக் காசுதான். வேகவைத்த கடலையைப் படி அளந்து விற்றால் அதைவிட நன்றாக நிற்கும், ஆனால் மிஞ்சிப்போனால் என்ன செய்வது என்பது அவர் பயம். நியாயமான பயம். அதனால் முதல் இரண்டு வாரம் மிஞ்சியதை நாங்களே பங்கு போட்டு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம்.

சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, கோடையில் மோர். கடலை மிட்டாய் ஜாடி முன் வரிசைக்கு வந்தது. பொட்டலச் சரம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னமும் ஒன்றிரண்டு உள்ளே தொங்குகிறது. ஆனால் குளிர்பானப் பெட்டி போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிது. சர்க்கரை போட்ட குளிர்பானம் 100 மில்லியில் ஏறக்குறைய 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மில்லி பாட்டில் ஒன்று ஐந்து டீஸ்பூனுக்கு மேல். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு பாட்டிலிலேயே அந்தக் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும், வயிறும் நிறையாது.

வீட்லயும் இட்லி சாப்பிடுறான், ஸ்கூல்லயும் காலை உணவு, மத்தியானம் சத்துணவு. இதனாலதான் பெருக்குறானா?

சத்துணவின் மேல் பழி போடாதீர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், 6 முதல் 8 வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மாநிலத்தில் முட்டை வேறு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் டெல்டாவின் திருக்குவளையில்தான் 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. காய் போட்ட சாம்பாரோடு உப்புமா, கிச்சடி, பொங்கல். வெறும் வயிற்றோடு வந்து, பத்தரை மணி இடைவேளையில் பொட்டலம் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது.

இரண்டு காலைச் சாப்பாடு ஆவது உண்மையென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு டம்ளர் பால் போதும். வீட்டில் நாலு இட்லி ஊட்டி, ‘அங்கயும் போய்ச் சாப்பிடு’ என்று அனுப்பும் பாட்டிமாரிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நெல்லு விளையுற ஊர்ல சோத்தைக் குறைக்கச் சொல்றீங்களா?

குறைக்கச் சொல்லவில்லை. தட்டில் சோறு மலையாகவும் கீரை ஒரு ஓரத்தில் திருஷ்டிப் பொட்டாகவும் இருப்பதை மாற்றச் சொல்கிறேன். நம் வயலில் விளையும் உளுந்தும் பயறும் சந்தைக்குப் போகிறது, நம் பிள்ளை தட்டுக்கு வருவதில்லை. முதலில் பருப்பும் காயும் போடுங்கள், பிறகு சோறு. மறுசோறு பிள்ளை கேட்டால் மட்டும். ‘தட்டைக் காலி பண்ணு’ என்ற மிரட்டல் வேண்டாம்.

பி.டி. பீரியட்ல கணக்கு டீச்சர் வந்துடுறாங்களாம். படிப்பு முக்கியம்தானே?

என் பீரியடைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பீரியட் முழுதாகக் கிடைத்தாலே அது ஒன்றரை மணி நேரம்தான், வேண்டியது ஏழு மணி நேரம். அதிலும் ஒன்று போனால் என்ன மிச்சம்? கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் பள்ளிக்கு இருக்க வேண்டியவை பட்டியலில் விளையாட்டு மைதானமும் இருக்கிறது. கணக்குக்கு அறை போல, உடம்புக்கு மைதானம்.

பரீட்சை நேரத்தில் பீரியடை எடுக்கக்கூடாது என்று பெற்றோர் கேட்டால் எடுபடும், நான் கேட்டால் எடுபடாது. மழைக்காலத்துக்கும் வழி இருக்கிறது. மைதானம் குளமானால் வராண்டாவில் பாண்டி, கயிறு தாண்டுதல், சிலம்ப அடிவரிசை. 40 பிள்ளைகளுக்கு 15 கயிறு போதும்.

பொண்ணு வயசுக்கு வந்துட்டா. இன்னும் ஓடிட்டு இருந்தா ஊர்ல பேசுவாங்களே?

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. ஆறாம் வகுப்பில் கோகோவில் பறக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அரசின் விலையில்லா சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. இடைப்பட்ட நாலு வருஷம் வேன், வகுப்பறை, வீடு. எலும்பு உறுதியாகும் வயதும், எடை ஏறும் வயதும் அதுதான்.

நாங்கள் செய்தது ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கடைசிப் பீரியட், மைதானத்தின் பின்பக்கம், சுடிதாருக்குப் பதில் டிராக் பேண்ட், நான் கூடவே. மாதவிடாய் நாளில் வேண்டாம் என்றால் உட்காரலாம், விளையாட நினைத்தால் விளையாடலாம். ‘வயசுக்கு வந்த புள்ள’ என்ற பேச்சு முதல் வருஷம் வந்தது. வட்டாரப் போட்டியில் கோப்பையோடு திரும்பிய பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது.

ஸ்கூல்லயே எடை பாத்து வீட்டுக்குக் கார்டு அனுப்பினா நாங்க உஷாராயிடுவோம்ல?

கேட்க நன்றாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் ஏறக்குறைய 29,000 மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். கார்டு அனுப்பியதால் எடையில் மாற்றம் வரவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் எடையின் மேல் அதிருப்திதான் கூடியது. கடையும் வேனும் மைதானமும் அப்படியே இருக்க, ஒரு அட்டை என்ன செய்துவிடும்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் எடையை வகுப்பில் சத்தமாகப் படித்தார்கள். அன்று முழுக்க ஒரு பிள்ளை மேசையில் கவிழ்ந்தே இருந்தது. நானும் அந்த அறையில் இருந்தேன், தடுக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. எடை பார்த்தால் திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக. எண்ணைப் பெற்றோரிடம் மட்டும், நேரில்.

லீவு விட்டா ஓடி ஆடி இளைச்சிடுவான்ல?

பெரும்பாலும் நேர்மாறு. அமெரிக்காவில் சிறு பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்ததில், பருமன் கூடியது எல்லாமே கோடை விடுமுறையில்தான், பள்ளி நடந்த மாதங்களில் இல்லை. பள்ளி இருந்தால் எழும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் மூன்றும் ஒழுங்காக இருக்கும். மே மாதத்தில் அந்த மூன்றை மட்டும் காப்பாற்றுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

ஸ்கூல்ல தடை போட்டா வெளியில வாங்கித் தின்னுட்டு வர்றான். அப்புறம் தடை எதுக்கு?

தடை மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. சிலி நாட்டில் 2016-இல் பள்ளிக்குள் விற்பனைத் தடை, பொட்டலத்தின் மேல் கறுப்பு எச்சரிக்கை முத்திரை, பிள்ளைகளுக்கான விளம்பரத் தடை என்று மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். முத்திரை விழுந்த பானங்களின் விற்பனை ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. எடை குறைவது அவ்வளவு சீக்கிரம் தெரியாது, வாங்குவது மாறுவதுதான் முதல் படி. நம் நாட்டில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்க 2025-இல் உத்தரவானது. அதையும் பலகையோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மைதானம், பி.டி. பீரியட், பிறந்தநாளுக்குச் சாக்லேட் பெட்டி கொண்டுவருவதை நிறுத்துவது எல்லாம் அங்கே தீர்மானமாகலாம். சாலை கடக்க ஆள், வாய்க்கால் கரையில் விளக்கு, திடலில் வண்டி நிறுத்தாமை எல்லாம் கிராம சபையில். வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. போன அக்டோபர் 2-இல் எங்கள் ஊரில் திடல் விஷயத்தை எழுப்பியது மூன்று அம்மாக்கள். சாயந்திரம் நாலரை முதல் ஆறரை வரை திடலில் வண்டி நிற்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

எல்லாம் சரி டீச்சர். ‘குண்டா’ன்னு கேலி பண்ணி டீம்லயே சேக்க மாட்டேங்கிறாங்களாம். மைதானம் இருந்து என்ன பண்ண?

அந்தப் பட்டப் பெயர் பெரும்பாலும் வீட்டில்தான் பிறக்கிறது, பிறகுதான் பள்ளிக்கு வருகிறது. மாமா, சித்தப்பா யாரும் விளையாட்டுக்காகக்கூட அப்படிக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் என் பங்கு ஒன்று. இரண்டு கேப்டன்கள் நின்று ஆள் ஆளாகப் பொறுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன், கடைசியில் மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணி நிற்கச் சொல்லி, ஒற்றைப்படை ஓர் அணி, இரட்டைப்படை ஓர் அணி.

ஓடித்தான் ஆக வேண்டும் என்று முதல் நாளே விரட்ட மாட்டேன். கனமான பிள்ளையைக் கபடியில் பிடிக்கும் பக்கம் நிறுத்துவேன், குண்டு எறியச் சொல்வேன். போன வருஷம் ஒரு பையன் ஜூன் முழுக்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தான். ஆடியில் ஒருநாள் அணியில் ஆள் குறைந்தது. வந்து நின்றவன், பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்தான், விடவே இல்லை. மறுநாள் செருப்புக்குக் காவல் இல்லை. அவனுடைய செருப்பும் குவியலோடு குவியலாகக் கிடந்தது.